வாங்க வஸ்தாது

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்க்கிறவள், ஐம்பது வருடத்துக்கு முந்திய மலையைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே படியுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். காகிதம் என்றால் எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று ஒரு தைரியம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையேறப் போய், தங்குவதற்கு இடம் பிடித்த இடத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைப் பித்தளைச் சொம்பால் நெற்றியில் அடித்தேன். அவள் எங்களைக் கெடுக்க வந்தவளா, காப்பாற்ற வந்தவளா என்பது அவள் சொன்ன இரண்டு சொல்லில் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கலாசி. கப்பல் சாமானுக்குக் கயிறு கட்டுவது, மழை வந்தால் தார்ப்பாய் இழுத்துப் போர்த்துவது, இதெல்லாம் அவர் வேலை. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க இன்னொரு கலாசி வேண்டும் என்பார்கள். ராயபுரத்தில் ஒரு கொட்டகையில் கர்லாக்கட்டை சுற்றி வளர்த்த உடம்பு. அந்த மாதிரி கொட்டகைகளில் பயில்வான்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரை வஸ்தாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் உடம்பைப் பார்த்துத் துறைமுகத்தில் எல்லோரும் “வாங்க வஸ்தாது, இன்னா வஸ்தாது” என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் மார்பு ஒரு விரற்கடை முன்னால் வரும். அந்தக் கை வீட்டில் என்மேல் விழும். குழம்பில் புளி கூடினால் விழும், கேட்டதற்குப் பதில் வராவிட்டால் விழும், பதில் வந்தாலும் விழும். எங்கள் தெருவில் அடி வாங்காத பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அதை நான் பெரிதாக நினைத்ததில்லை.

நாங்கள் அப்போது திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தோம். நான் பிறந்தது எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில். கடல் ஒரு பக்கம், உப்பங்கழி ஒரு பக்கம்.

சாராயக்கடை திறந்திருந்த வருடங்களில் ஒன்று. என் பெண்ணுக்கு நாலு வயது. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு ஜுரம் வந்து பிழைக்க மாட்டாள் என்று இருந்தபோது, மலைமேல் பெருமாள் பாதத்தில் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராப் பக்கம் இருக்கிற மலை அது. புரட்டாசியில் எங்கள் பக்கத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஏற ஒன்றரை நாள் ஆகும். சத்திரமோ மண்டபமோ கிடையாது. நாமேதான் இடம் பார்த்து, போர்வை கட்டி, கல் கூட்டிச் சமைத்துக்கொள்ள வேண்டும். நல்ல இடமாகப் பிடிக்கிறவன்தான் அந்தப் பயணத்துக்குத் தலைவன்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், வீட்டுக்காரர், குழந்தை, அவரோடு துறைமுகத்தில் வேலை செய்கிற தோஸ்து ஒருவர், அவருடைய மனைவி. அவளை நான் அக்கா என்பேன். வாயாடி. நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பேசிவிடுவாள். வீட்டுக்காரர் ஒரு பெரிய தார்ப்பாயும் இரண்டு கட்டு மணிலாக் கயிறும் மூட்டைக் கொக்கியும் எடுத்துக்கொண்டார். மூட்டைக் கொக்கி என்பது சாக்கில் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி. பாறை இடுக்கில் மாட்டிக் கயிறு கட்டலாம் என்றார்.

முதல் நாள் அடிவாரத்து மாந்தோப்பில் தங்கினோம். அதில் ஒன்றும் தகராறு இல்லை. மறுநாள் விடியும்போதே ஏற ஆரம்பித்தோம். மத்தியானத்துக்குள் பாதி மலை. அங்கேயே இடம் பிடித்துத் தங்கி, அடுத்த நாள் காலையில் உச்சிக்குப் போவது என்று ஏற்பாடு.

இடம் பிடிக்க அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. தரை சமமாக இருக்க வேண்டும். காற்றுக்கு மறைப்பு வேண்டும். தண்ணீர் எட்டி எடுக்கிற தூரத்தில் வேண்டும். குதிகாலால் தரையைக் குத்திப் பார்ப்பார். குதிகால் பதிந்தால் நல்ல இடம்.

முதலில் ஒரு பெரிய வழுக்குப் பாறை பார்த்தோம். சமமாகத்தான் இருந்தது. குழந்தையை இறக்கிவிட்டதும் காலைத் தூக்கிக்கொண்டு அழுதது. தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. இரண்டாவது, ஒரு மரத்தடி. நிழல், காற்று, எல்லாம் இருந்தது. தார்ப்பாயை விரித்ததுமே முசுறு எறும்பு கொத்துக் கொத்தாகக் கிளையிலிருந்து விழுந்தது. வீட்டுக்காரர் கழுத்தில் நாலைந்து கடி. அவர் மரத்தையே அறைந்தார்.

“வுடு மச்சான்,” என்றார் தோஸ்து. “எறும்பு நமக்கு முன்னாடியே பட்டா வாங்கி கீது. அதாண்ட இன்னா ராங்கு பண்ணிகினு?”

“வஸ்தாதுக்கு எறும்புகூட பயப்பட மாட்டேங்குது போல,” என்றாள் அக்கா என் காதில். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை முழுங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் அந்த இடம். ஒரு திருப்பம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறை ஏறி நிற்க, நடுவில் வெள்ளை மணல். நம்ப மாட்டீர்கள், கடற்கரை மணல் போலச் சலித்துக் கொட்டியது மாதிரி இருந்தது. ஓரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டை. காற்றே இல்லை.

“தோ பார்றா,” என்றார் தோஸ்து. “காசிமேட்டு மணலு நமக்கு முன்னாடி நடந்து வந்து மலைல குந்திகினு கீது.”

எங்கள் ஆட்களுக்கு மணல் என்றால் மயக்கம். மணலில்தான் வலை காய்கிறது, மீன் காய்கிறது, சாப்பிட்டு மணலில்தான் படுக்கிறோம். மலைக்காரன் ஒருவன் அந்த இடத்தைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷம் நின்றிருக்க மாட்டான். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலைப் புதைத்தோம்.

ஆனால் அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற ஐந்து பேர். மூன்று கல் கூட்டிச் சோறு வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெரிய மீசைக்காரர்.

“நைனா, இது நம்ப எடம். கெளம்பு,” என்றார் என் வீட்டுக்காரர்.

மீசைக்காரர் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். “உன் எடம்னு எங்க எழுதி கீது? அந்தாண்ட எடம் கீது, போய்க் குந்து.”

“பொம்பள புள்ளயோட வந்து கீறேன். கல்லு மேல குந்தச் சொல்றியா?”

“அத்த ஒயுங்கா கேட்டா நவுந்து குடுப்பேன். கெளம்புன்னா எவன்யா கெளம்புவான்? நீ இன்னா மலைக்குச் சொந்தக்காரனா?”

“நான் யார் தெரியுமா?”

“எறும்பு கடிச்ச ஆளுன்னு கழுத்தப் பாத்தாலே தெரியுதே.”

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான். என் வீட்டுக்காரர் சோற்றுப் பானையை எட்டி உதைத்தார். கொதிக்கிற கஞ்சி ஒருவர் காலில் கொட்டியது. மீசைக்காரர் கரண்டியால் இவர் தாடையில் ஒன்று வைத்தார். வாயோரம் கிழிந்தது. இவர் இடுப்பிலிருந்த கொக்கியை உருவி, சாக்கில் போடுவது போல அவர் தோளில் போட்டு இழுத்தார். சட்டை கிழிகிற சத்தமும் சதை கிழிகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டது. நான் குழந்தையின் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அந்த மனிதர் கத்தவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் மண்டியிட்டார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து வெள்ளை மணலில் சொட்டியது. தோஸ்து ஒரு விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

ஐந்து பேர் அவர்கள். நினைத்திருந்தால் இவர்கள் இரண்டு பேரையும் அங்கேயே போட்டிருக்கலாம். ஆனால் கஞ்சி கொட்டினவர், “வாண்ணே, சாமி பாக்க வந்துட்டு இன்னாத்துக்கு கொலைப்பழி,” என்று மீசைக்காரரைத் தூக்கினார். அவர்கள் சாமான்களை வாரிக்கொண்டு மேலே பாறைச் சரிவுக்குப் போனார்கள். இருபது அடி உயரம் இருக்கும். முள்ளும் கல்லுமாக இருந்த இடம். அங்கிருந்து மீசைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே தோளில் துணி கட்டினார்.

வீட்டுக்காரர் கொக்கியை மணலில் குத்திக் குத்தித் துடைத்தார். “இப்ப யாரு எடம்?” என்றார்.

தார்ப்பாய் கட்ட ஆரம்பித்தார்கள். கொக்கியைப் பாறை இடுக்கில் அடித்து இறக்கி ஒரு மூலை, மற்ற மூன்று மூலைகளும் பெரிய பெரிய கற்களில். அப்போதுதான் நான் அந்தச் செடியைப் பார்த்தேன். பாறையோரம் ஒரு நொச்சிப் புதர். அதன் கவட்டையில், என் தலை உயரத்தில், காய்ந்த புல்லும் சுள்ளியும் ஒரு கிழிந்த செருப்பும் மாட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சீப்பால் வாரிவிட்ட மாதிரி, சேறு பூசிக்கொண்டு.

எங்கள் முகத்துவாரத்தில் மழைக்காலம் முடிந்ததும் அப்பா கழியோரத்துச் செடிகளைப் பார்த்துக்கொண்டே போவார். செத்தை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே குடிசை போட மாட்டார், படகு ஏற்ற மாட்டார். குப்பத்தில் இது குழந்தைக்கும் தெரியும்.

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மேலே பெரம்பூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய் மெதுவாகத்தான் சொன்னேன்.

“இந்தாங்க. அந்தச் செடில பாருங்க. செத்த மாட்டிகினு கீது. தண்ணி வந்து போற எடம் இது.”

“இன்னா?”

“தலைக்கு மேல வந்து போயி கீது. வேற எடம் பாக்கலாம்.”

சண்டை போட்டு ரத்தம் பார்த்துப் பிடித்த இடம். அதை அவர்கள் கேட்கிற தூரத்தில் சொன்னேன் என்பதுதான் என் தப்பு. அறை விழுந்தது. நான் போய்க் கல்லில் விழுந்தேன். கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. குழந்தை வீரிட்டது.

“தண்ணிக்கார வூட்டுப் பொண்ணு, மலைக்கு வந்தாலும் தண்ணியத் தேடுது பாரு,” என்று தோஸ்துவிடம் சொல்லிச் சிரித்தார்.

அக்கா என்னைத் தூக்கி, முந்தானையால் உதட்டை ஒற்றினாள். “சும்மா இரு கண்ணு. மானம் பூரா தெளிஞ்சு கீது. எங்கேந்து வரப்போவுது தண்ணி?” என்றாள். உண்மைதான். எங்கள் தலைக்கு மேலே வெயில். உச்சியில் மட்டும் கருப்பாக ஏதோ மூடியிருந்தது. மலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

சாப்பிட்டு முடித்தபோது அந்தப் பெண் வந்தாள். எதிர்ப்பக்கத்து மேட்டில், வெகு உயரத்தில், தலையில் விறகுக்கட்டோடு ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்து நின்றாள். விறகை அப்படியே தலையில் பிடித்துக்கொண்டு ஒரு கையை வீசி வீசிக் கத்தினாள். பாறைகளுக்கு நடுவில் குரல் இழுபட்டு வந்தது.

“வங்க... வஸ்தாதி... வங்க வஸ்தாதி...”

அவள் சொன்னதை இப்போது சரியாக எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது வேறு. வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

“கேட்டியாடா? வாங்க வஸ்தாதுன்றா. இந்தக் காட்டுலகூட என்னத் தெரியுது.”

“ஆந்திராவுல ஆள் வெச்சி கீறியா மச்சான்? சொல்லவே இல்லியே,” என்றார் தோஸ்து.

“மேல வாங்கன்னு கையக் காட்றா பாரு,” என்றாள் அக்கா. “வூட்டுக்குக் கூப்புட்றாளோ இன்னாவோ. போய் மோராவது குடிச்சிட்டு வாய்யா.” என்னைப் பார்த்து, “நீ பத்திரமா இரு தங்கச்சி, உன் ஆளு கை வுட்டுப் போவப்போவுது,” என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அவர் கர்லா சுற்றுகிறவர் போல இரண்டு கையையும் மடக்கி அந்தப் பெண்ணுக்குப் புஜத்தைக் காட்டினார். அவள் இன்னும் இரண்டு தரம் கத்தினாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன், கிழிந்த உதட்டோடு. அவள் விறகோடு பாதையில் ஓட ஆரம்பித்தாள். கீழே இறங்குவதற்கு வழி தேடி ஓடினாள் என்று அப்புறம்தான் தோன்றியது.

மத்தியானம் சாய்கிற நேரம். தார்ப்பாயின் கீழே குழந்தை தூங்கிவிட்டது. தோஸ்து பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டார். வீட்டுக்காரர் தார்ப்பாய் நடுவில் தொய்கிறது என்று முட்டுக்கொடுக்கக் கம்பு வெட்ட எதிர்ப்பக்கத்து மேட்டில் ஏறினார். குட்டைத் தண்ணீரில் எல்லோரும் கால் கழுவிக் கலீஜாகிவிட்டது. மேலே பாறையில் ஊற்று கசிகிறது, அங்கே பிடிக்கலாம் என்று அக்கா சொன்னாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு அவளோடு ஏறினேன், அதே எதிர்ப்பக்கத்து மேட்டில்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். தூக்கம் கலைந்தால் அழும், அழுதால் அவருக்குக் கோபம் வரும். அதனால் விட்டுவிட்டுப் போனேன்.

சொம்பைக் கசிவில் வைத்துக் காத்திருந்தேன். கூட்ஸ் வண்டி வருகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் கூட்ஸ் போனால் ஏனம் எல்லாம் குலுங்கும், பழகின சத்தம். கூட்ஸ் வருது என்றுதான் நினைத்தேன். மலையில் ஏது கூட்ஸ் என்று தோன்றுவதற்குள் சொம்பில் விழுகிற தண்ணீர் சிவந்துவிட்டது. பச்சைத் தழையைக் கசக்கின வாசனை அடித்தது.

திருப்பத்தில் தண்ணீர் வந்தது. தண்ணீர் என்று சொல்லக்கூடாது. மரமும் கல்லும் சேறும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஓடி வந்தன. தார்ப்பாய் ஒரு நொடி பாய்மரம் போல உப்பி எழுந்தது. பிறகு உள்ளே போனது. “ஏய்” என்று தோஸ்துவின் குரல் ஒரு தரம் கேட்டது. அவ்வளவுதான்.

அக்கா கத்திக்கொண்டே கீழே ஓடினாள். நானும் ஓடினேன். தண்ணீரின் ஓரத்தில், வெட்டின கம்பைக் கையில் பிடித்தபடி வீட்டுக்காரர் நின்றார். அந்த உடம்பு அசையவில்லை. “எறங்குய்யா, புள்ள,” என்று அவர் முதுகில் குத்தினேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அவர் இறங்கவில்லை. யாராலும் இறங்க முடியாதுதான். ஆனால் கம்பையாவது நீட்டியிருக்கலாம்.

அப்போது அந்தப் பெண் எங்கள் பக்கமாகவே ஓடி வந்தாள். தலையில் விறகைக் காணோம். தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அதே வார்த்தையைக் கத்திக்கொண்டு வந்தாள். வங்க, வங்க.

அவர் திரும்பினார். அதுவரை அசையாத உடம்பு அசைந்தது.

“இவதான். இவதான் வாங்கன்னா. எடத்தக் காட்டி குந்த வெச்சி சாவடிக்கிறாங்க.”

அவள் மயிரைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினார். அவள் விழுந்தாள். இடுப்பில் உதைத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, தண்ணீரைக் காட்டிக் காட்டி, வாயில் ரத்தத்தோடு மறுபடியும் அதையே சொன்னாள். வாங்க என்றுதான் எனக்கும் கேட்டது. என் பிள்ளை தண்ணீரில் போயிருக்கிறது, இவள் வாங்க வாங்க என்கிறாள்.

என் கையில் சொம்பு இருந்தது. அதைக் கீழே போடாமலே ஓடி வந்திருக்கிறேன்.

“என் புள்ள எங்கடி,” என்று கேட்டு அடித்தேன். நெற்றியில். ஒரே அடி. சொம்பு நசுங்கியது. வாழ்நாளில் நான் ஓங்கி அடித்த ஒரே அடி அது. கணவனை அடித்ததில்லை, பெண்ணை அடித்ததில்லை. அவள் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. புருவத்தில் வழிகிற ரத்தத்தைத் துடைக்காமல் என்னையே பார்த்தாள். அடுத்த அடிக்கு நான் கையைத் தூக்கினேன். அதுவும் உண்மை. எழுதத்தான் வேண்டும்.

“யம்மா, புள்ள கீது. புள்ள கீது.”

எதிர்க் கரையிலிருந்து பெரம்பூர்க்காரர்கள். கை இறங்கியது. பார்த்தேன். மூன்று மூலைக் கயிறும் கல்லோடு போய்விட்டது. பாறை இடுக்கில் அடித்து இறக்கின கொக்கி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் தொங்கின தார்ப்பாய் தண்ணீரின் ஓரத்தில் பாறையோடு ஒட்டிச் சுருண்டிருந்தது. அந்தச் சுருளுக்குள் குழந்தை. மீசைக்காரர் இடுப்பில் வேட்டிகளை முடிச்சுப் போட்டுக் கட்டி இறங்கியிருந்தார். மற்ற நாலு பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோளில் கட்டின துணி அவிழ்ந்து, கொக்கி கிழித்த இடம் திறந்து கிடந்தது. அந்தக் கையால்தான் குழந்தையை இழுத்தார்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. வந்ததற்கு அடையாளமாக நொச்சிக் கவட்டையில் புதுச் செத்தை. குழந்தைக்குக் காரை எலும்பு ஒடிந்திருந்தது. வாய், மூக்கெல்லாம் மணல். உயிர் இருந்தது. உடம்பு விறைத்துப் போய் நடுங்கியது. வெள்ளம் போன இடத்தில் சுள்ளி ஒன்றும் காய்ந்ததாக இல்லை. மேட்டுப் பாதையில் அந்தப் பெண் போட்டுவிட்டு ஓடி வந்த விறகுக்கட்டு கிடந்தது. அவளைக் காணோம். எப்போது எழுந்து போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த விறகை எரித்துத்தான் என் பெண்ணுக்குச் சூடு காட்டினோம்.

தோஸ்துவை மறுநாள் காலையில் இரண்டு திருப்பம் கீழே கண்டெடுத்தார்கள். கயிறு காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் உட்கார்ந்து அவிழ்க்கப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு, அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. கத்தி வைத்து அறுத்தார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ராயபுரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். அவ்வளவு பேசினவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துறைமுகத்தில் வீட்டுக்காரர் வேறு கதை சொன்னார். மலையில் ஒரு மோகினி, “வாங்க வஸ்தாது, வாங்க வஸ்தாது” என்று கூப்பிட்டு, மணலைக் காட்டி உட்கார வைத்து, தோஸ்துவைக் கொண்டு போய்விட்டாள் என்று. சொல்லச் சொல்ல மோகினிக்கு மல்லிகைப் பூ வந்தது, சலங்கை வந்தது. கொக்கியும் பெரம்பூர்க்காரரின் தோளும் கதையிலிருந்து போய்விட்டன. நானும் அதை நம்பத்தான் பார்த்தேன். மோகினியை அடித்தால் பாவம் இல்லை பாருங்கள்.

நாலைந்து வருடம் கழித்து எங்களை எர்ணாவூர் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அடுத்த வீட்டில் தெலுங்குக்கார அம்மா ஒருத்தி ஆப்பம் சுட்டு விற்பாள். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வரிசைக்கு முன்னால் இருந்த கால்வாய் பொங்கியது. அவள் தன் பேரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே கத்தினாள்.

“வங்க வஸ்தாதி, வங்க வஸ்தாதி.”

மலையில் கேட்ட அதே சொல். மழை விட்டதும் போய்க் கேட்டேன். “அது இன்னாக்கா சொன்னீங்க?”

“வங்கயா? ஓடைய எங்க ஊர்ல வங்கன்னு சொல்லுவோம். மலைல மய பேஞ்சா திடீர்னு வரும்ல. வங்க வஸ்தாதின்னா ஓடை வரப்போவுது, ஓடிப் போங்கன்னு. ஊர் வழக்கம், பயத்துல அதுதான் வாயில வருது.” அவள் சிரித்தாள். “ஏன் கேக்கற?”

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு போடும்போது சொன்னேன். வங்க என்றால் இன்னது, வஸ்தாதி என்றால் இன்னது என்று. அவர் பிசைந்த சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

“தமிழ்ல சொல்லணும்,” என்றார். “தமிழ்ல சொல்றதுக்கு அவளுக்கு இன்னா கேடு?”

“நான் தமிழ்லதான சொன்னேன்,” என்றேன்.

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. தட்டு பறந்தது. சுவரில் பட்டுச் சோறு வழிந்தது. அவர் கை ஓங்கியபடி எழுந்தார். நான் நகரவில்லை. என் உதட்டில் பல் பட்ட தழும்பு இருக்கிறது, அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் அடித்தார். பழைய அடி இல்லை, அரை அடி. மோகினிக் கதையைக் கடைசிவரை சொன்னார். நான் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் பாதியில் நிறுத்திவிடுவார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

என் பெண்ணுக்கு இன்றும் மழை நாளில் தோள் வலிக்கும். நசுங்கின சொம்பு பரண்மேல் இருக்கிறது. தட்டி நிமிர்த்தக்கூடக் கொடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்துத் தெலுங்கு தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். வங்க என்றால் ஓடைதானா, அந்த மலைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களா, இல்லை வேறு அர்த்தமும் உண்டா. வருடமும் சரியாகத் தெரியவில்லை, சாராயக்கடை எப்போது திறந்திருந்தது என்று பார்த்தால் கிடைக்கும். புரட்டாசி என்பது நிச்சயம். அடிவாரத்து ஊர்களில் விசாரிக்க முடிந்தால், புருவத்துக்கு மேலே வடு உள்ள, விறகு வெட்டின பெண் ஒருத்தி இருக்கிறாளா, இருந்தாளா என்று கேளுங்கள். வலக்கையால் அடித்தேன், அதனால் அவளுக்கு இடது பக்கம் என்று நினைக்கிறேன். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.